பாஹாட்: ஐந்து

பாடாங் செராய் போலீஸ் நிலையத்தில்
காற்றாடிக்கு நேர்கீழே உட்கார்ந்து
களவுபோனதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
கோப்ரல் ரோஸ்லி இரண்டே விரலால் தட்டுகிறார்.

ஒன்றரை அங்குலத் துளை உளி.
பாஹாட், என்று அடிக்கிறார்.
துளையின் அடியைச் சுரண்டும் வளைவுளி.
பாஹாட்.
மூலைக்கென்றே ஒன்று, ஓரம் சீவ ஒன்று,
அடிக்கவே கூடாத, தோளால் அழுத்தித் தள்ளுகிற
முழங்கை நீளத்து உளி ஒன்று.
நிமிர்ந்து பார்க்கிறார்.
"எல்லாமே பாஹாட்தானே, அண்ணே?"
சரி, ஐந்து என்று போடுங்கள்.

வாய்ச்சியை நடித்துக் காட்டவேண்டியிருந்தது,
எழுந்து நின்று, இரண்டு கையும் கோத்து,
என் கால்களுக்கு நடுவிலேயே கொத்துவதுபோல்.
மோட்டார் சைக்கிளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்த பையன்
தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.
துறப்பணத்தைக் காற்றில் சுற்றினேன்.
மின்சாரமா? இல்லை, கை.
அதற்கு அவருடைய திரையில் கட்டம் இல்லை.

மதிப்பு?
தூக்குக்குண்டு, பித்தளை, நானூறு கிராம்.
பழைய இரும்புக்கடையில் ஒரு சாப்பாட்டுக் காசு தேறும்.
சனிக்கிழமைக்குள் பதினான்கு தூண் நிமிரவேண்டுமே,
அதற்கு அது எவ்வளவு பெறும்?
ஐம்பது ரிங்கிட் என்றேன்.

சம்பவ இடம்: மரண சகாயச் சங்கத்தின் புதுக் கொட்டகை.
பாடையும் கூடாரத் துணியும்
இருநூறு பிளாஸ்டிக் நாற்காலியும் வைக்க.
எஸ்டேட்டின் புகைக்கூடத்தைப் பிரித்தபோது
கிடைத்த செங்கால் மரம்.
ரம்பம் உள்ளே இறங்க இறங்க
இன்னும் ரப்பர் ஷீட்டுப் புகை நாறுகிறது.
பன்னிரண்டு துளை முடிந்தது.
பதின்மூன்றாவது பாதியில் நிற்கிறது,
நேற்று ராத்திரி மழை அதில் தேங்கி
காலையில் ஒரு தட்டான் வந்து குடித்துக்கொண்டிருந்தது.

எதை விட்டுப் போனான் என்று அவர் கேட்கவில்லை.

இரும்பை எடுத்தவன்
பிடிகளைக் கழற்றி, கொட்டாப்புளியோடு சேர்த்து,
காய்ந்த கால்வாயில் வைத்திருந்தான்.
எறியவில்லை. வைத்திருந்தான்.
ஐந்து பிடியில் ஒன்றுகூடப் பிளக்கவில்லை.
தெரியாதவன் கல்லால் உடைத்திருப்பான்,
இல்லை, நெருப்பில் போட்டிருப்பான்.
வாயைத் துணியில் சுற்றி,
பிடியின் பக்கவாட்டில் ஒரு தட்டு,
கால் திருப்பு, இன்னொரு தட்டு.
இந்தப் பக்கத்தில் அப்படிக் கழற்ற
நான் ஒருவன் இருக்கிறேன்.
குணாளன் ஒருவன் இருந்தான், பதினைந்தாம் தேதி வரை.

பத்தொன்பது நாள் கூலி.
அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று
மூன்று முறை சொன்ன வாய் இது.
மூன்றாவது முறை அவன் ஒன்றும் பேசவில்லை,
கழுந்தின் தோளைச் சீவி முடித்து
உளியைத் துடைத்து வைத்துவிட்டுப் போனான்.

முளைக்குத் துளையிடும்போது
கழுந்தில் ஒரு நூல் தள்ளித்தான் இடவேண்டும்.
நேருக்கு நேர் இருந்தால் முளை சும்மா நிற்கும்.
விலகியிருந்தால்தான்
வளைந்து நுழைந்து, இரண்டு மரத்தையும் இழுத்துப் பிடிக்கும்.
கோப்ரலுக்கு இது எதற்கு?

"சந்தேகப்படும் நபர்?"
தலையை ஆட்டினேன்.
தியாடா, என்று அடித்தார்.
கையெழுத்துப் போட்டேன்.
நாற்காலிக்கடியில் இருந்த பையை
அதிராமல் எடுத்துக்கொண்டேன்.

கிரேன் லோரிக்கு ஒதுக்கிய ஆயிரத்து நூறு
சட்டைப் பையில் இருக்கிறது.
கணக்குக்கு இன்னும் எழுநூற்றைந்து குறைகிறது.
இரும்புக்கடை ஆறு மணிக்கு அடைக்கும்.
பையில் ஐந்து பிடிகள் மோதிக்கொள்கின்றன,
எது எதற்கென்று அவனிடம் நான் சொல்லவேண்டியதில்லை.

பாலம் தாண்டி மூன்றாவது வரிசை.
அவன் வீட்டு நாய் என்னைப் பார்த்து
வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது.
அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போல.